'பிளட் ரிப்போர்ட் நார்மல்' என்றால் வேலை செய்யும் இடம் பாதுகாப்பானதா? 250 ஷூ தொழிலாளர்களின் ரத்தம் சொன்னது என்ன?

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்துகிறோம். டேங்க் மூடியைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாசனை. ஓரிரு நிமிஷம்தான், காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். ஆனால் நாசிலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு அந்தக் காற்றுதான் ஷிஃப்ட் முழுக்க.

அவருக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள், ரிப்போர்ட்டில் எல்லாமே 'நார்மல்' என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். அவரும் நிம்மதியாகிவிடுவார், முதலாளியும் நிம்மதியாகிவிடுவார். அந்த 'நார்மல்' என்ற வார்த்தையை எந்த அளவுக்கு நம்பலாம்?

இந்தக் கேள்விக்கு ஒரு முக்கியமான பதில் கிடைத்த இடம் பெட்ரோல் பங்க் அல்ல. சீனாவின் தியான்ஜின் நகரில் இருந்த ஷூ தொழிற்சாலைகள். இரண்டு இடங்களையும் இணைப்பது ஒரே ஒரு ரசாயனம். அதன் பெயர் பென்சீன்.

பென்சீன் எங்கெல்லாம் இருக்கிறது?

கச்சா எண்ணெயிலேயே இருக்கும் நிறமற்ற திரவம் இது. சட்டென்று ஆவியாகிவிடும். பெட்ரோலில் இருக்கிறது, சிகரெட் புகையில் இருக்கிறது. ரப்பரைக் கரைக்கும் தன்மை இருப்பதால் ஒரு காலத்தில் ஷூ ஒட்டும் பசைகளில் தாராளமாகச் சேர்த்தார்கள். பஞ்சர் கடையில் 'சொல்யூஷன்' என்று சொல்வோமே, அந்த மாதிரிப் பசைகள்.

மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்ட முதல் பிரிவுப் பொருட்களில் ஒன்றாக இதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வைத்திருக்கிறது. பென்சீன் தாக்குவது எலும்பு மஜ்ஜையை. நம் உடலில் ரத்த அணுக்கள் உற்பத்தியாகிற இடமே அதுதான்.

இது இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் தெரிந்துகொள்ளக் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமில்லை.

இறந்தவர்களை எண்ணிப் பார்த்த காலம்

1960-களின் கடைசியில் துருக்கியின் இஸ்தான்புல்லில் முசாஃபர் அக்சோய் என்ற ரத்தநோய் மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தன்னிடம் வரும் ரத்தப் புற்றுநோயாளிகளில் செருப்பு, ஷூ தைப்பவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். காற்றோட்டமே இல்லாத சின்னச் சின்னப் பட்டறைகளில் பென்சீன் கலந்த பசையோடு வேலை செய்தவர்கள் அவர்கள். சுமார் 28,500 ஷூ தொழிலாளர்களில் 26 பேருக்குத் தீவிர ரத்தப் புற்றுநோயோ அதற்கு முந்தைய நிலையோ இருந்ததை 1974-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

1977-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்திலிருந்து இன்னொரு கணக்கு வந்தது. அங்கே ரப்பரிலிருந்து பேக்கிங் தாள் தயாரித்த ஆலைகளில் ரத்தப் புற்றுநோய் மரணங்கள் எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்று அரசு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். உடனே அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை, வேலையிடக் காற்றில் அனுமதிக்கப்பட்ட பென்சீன் அளவை 10 பிபிஎம்மிலிருந்து 1 பிபிஎம்மாகக் குறைக்க முடிவு செய்தது. ஒரு பிபிஎம் என்றால் பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு.

எண்ணெய் நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. தற்போதுள்ள அளவில் கணிசமான ஆபத்து இருக்கிறது என்பதை முதலில் காட்டுங்கள், அதற்குப் பிறகு குறைக்கலாம் என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதைக் காட்டி, 1 பிபிஎம் விதி மறுபடி வருவதற்கு 1987 ஆகிவிட்டது. இடைப்பட்ட தாமதத்தால் எத்தனை உயிர்கள் போயிருக்கும் என்று கணக்கிட்டே 1989-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது.

இங்கே சிக்கல் நீதிபதிகளிடம் மட்டும் இல்லை, ஆதாரம் திரட்டும் முறையிலேயே இருந்தது. யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்று எண்ணித்தான் ஆபத்தை நிரூபிக்க முடியும் என்றால், நிரூபிக்கும் நேரத்தில் அந்தத் தொழிலாளி இருக்க மாட்டார். அதோடு, அளவு குறையக் குறைய நோயாளிகளும் குறைவார்கள். 1 பிபிஎம்முக்குக் கீழே ஆபத்து உண்டா என்று மரணங்களை எண்ணிக் கண்டுபிடிக்க லட்சக்கணக்கான பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர வேண்டும். சீனாவில் 12 நகரங்களில் பென்சீனோடு வேலை செய்த 74,828 பேரைக் கொண்டு அப்படி ஒரு பிரமாண்டமான ஆய்வும் நடந்தது. சராசரியாக 10 பிபிஎம்முக்குக் குறைவான அளவில் இருந்தவர்களுக்கே ரத்தம் சார்ந்த புற்றுநோய்கள் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது அதில் தெரிந்தது. ஆனால் 1 பிபிஎம்முக்குக் கீழே?

நோய் வரும் முன்பே கணக்குப் போட முடியுமா?

முடியும் என்று சொல்லும் துறைதான் மாலிக்குலர் எபிடமியாலஜி. தமிழில் மூலக்கூறு நோய்ப்பரவலியல் என்று சொல்லலாம். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், விஷயம் ரொம்ப சிம்பிள்.

வழக்கமான ஆய்வுக்கு இரண்டு முனைகள்தான் தெரியும். ஒரு முனையில் ரசாயனம், இன்னொரு முனையில் நோய். நடுவில் இருபது முப்பது வருஷம் உடம்புக்குள் என்ன நடந்தது என்பது பூட்டிய பெட்டி. அந்தப் பெட்டியைத் திறந்து, சிறுநீரிலும் ரத்தத்திலும் டிஎன்ஏவிலும் தெரிகிற தடயங்களை எடுத்து, பெரிய எண்ணிக்கையிலான மனிதர்களிடம் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்த முறை. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக்கா பெரேராவும் பெர்னார்ட் வைன்ஸ்டைனும் 1982-ல் இதைப் புற்றுநோய் ஆய்வுக்கான தனி அணுகுமுறையாக முன்வைத்தார்கள்.

தேடுவது மூன்று விதமான தடயங்களை. உடம்புக்குள் எவ்வளவு ரசாயனம் நிஜமாகவே போயிருக்கிறது? அது போய் என்ன சேதம் செய்திருக்கிறது? அதே அளவு போனாலும் சிலருக்கு மட்டும் சேதம் ஏன் அதிகம்?

தியான்ஜினில் என்ன செய்தார்கள்?

அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம், சீன நோய்த் தடுப்பு மையம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு இது. முதன்மை ஆய்வாளர் சிங் லான். ஷூ தயாரிக்கும் இடங்களில் பசையோடு வேலை செய்த 250 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒப்பிடுவதற்கு, அதே பகுதியில் பென்சீனே இல்லாத துணி தைக்கும் ஆலைகளிலிருந்து, வயதும் பாலினமும் பொருந்துகிற மாதிரி 140 பேர்.

தொழிற்சாலைக் காற்றைப் பொதுவாக ஒரு தடவை அளந்துவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு தொழிலாளியும் சுவாசிக்கிற காற்றை, அவர் உடம்பிலேயே மாட்டிய கருவியால் தனித்தனியாக, 16 மாதங்கள் வரை திரும்பத் திரும்ப அளந்தார்கள். கூடவே சிறுநீர், ரத்தம். ஷூ ஆலையில் எல்லோரும் ஒரே காற்றைச் சுவாசிப்பதில்லை. பசை டப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வேறு, வாசல் ஓரம் பேக்கிங் செய்பவர் வேறு. பல பழைய ஆய்வுகள் கோட்டை விட்டது இங்கேதான்.

முடிவு 2004 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. துணி ஆலைத் தொழிலாளர்களின் வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சராசரியாக சுமார் 6,500. அதிக பென்சீனில், அதாவது 10 பிபிஎம்முக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு சுமார் 4,800. இதில் ஆச்சரியம் இல்லை, எதிர்பார்த்ததுதான்.

அதிர்ச்சி கொடுத்தது இன்னொரு குழு. 1 பிபிஎம்முக்கும் குறைவான காற்றில், அதாவது அமெரிக்கச் சட்டம் 'பரவாயில்லை' என்று அனுமதித்த எல்லைக்குள் இருந்த 109 பேர். அவர்களுக்கும் சராசரி சுமார் 5,500 ஆகக் குறைந்திருந்தது. கிட்டத்தட்ட 15 சதவீதம் குறைவு. பிளேட்லெட்டுகளும் குறைந்திருந்தன.

இப்போது அந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வெள்ளை அணுக்களுக்கு லேப்கள் போடும் நார்மல் எல்லை பொதுவாக 4,000 முதல் 11,000 வரை. 5,500 அதற்குள் வருகிறது. 4,800 கூட வருகிறது! அந்த 109 பேரில் ஒருவர் தனியாக ஒரு லேபுக்குப் போயிருந்தால் கையில் கிடைத்திருப்பது அநேகமாக 'நார்மல்' ரிப்போர்ட்தான். எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் ஸ்டார் குறி இருந்திருக்காது. டாக்டர் தப்பு செய்தார் என்று சொல்ல முடியாது. ஒருவருக்கு இயல்பிலேயே 5,500 இருக்கலாம், இன்னொருவருக்கு 7,500-லிருந்து இறங்கி 5,500-க்கு வந்திருக்கலாம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. 250 பேரையும் 140 பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு சோதனையும் செய்தார்கள். ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களை ரத்தத்திலிருந்து பிரித்து, ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். முழுசாக வளர்ந்த அணுக்கள் குறைந்ததைவிட இந்த மூல அணுக்களின் வளரும் திறன் இன்னும் அதிகமாக அடிபட்டிருந்தது. கடையில் சரக்கு குறைவது கண்ணுக்குத் தெரியும் முன்பே உற்பத்தி நடக்கிற இடத்தில் பாதிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அணுக்கள் குறைந்த எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை, இதை வைத்து அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் பென்சீனால் ரத்த அணுக்கள் கடுமையாகக் குறைந்தவர்களுக்குப் பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம் என்பது சீன ஆய்வுகளில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதனால் இதை அலட்சியமாகக் கடந்துபோகவும் முடியாது.

ஒரே பசை, ஒரே அறை... ஒருவருக்கு மட்டும் ஏன் அதிக பாதிப்பு?

பென்சீன் உள்ளே போனதும் கல்லீரலில் உள்ள ஒரு என்சைம் அதை மாற்றத் தொடங்குகிறது. உடம்பிலிருந்து வெளியேற்றத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் மாறிய பொருட்கள் எலும்பு மஜ்ஜைக்குப் போனதும் அங்குள்ள இன்னொரு என்சைம் அவற்றைக் குயினோன் என்ற வீரியமான நச்சாக்கிவிடுகிறது. அந்தக் குயினோனைச் சாந்தப்படுத்தும் வேலை என்க்யூஓ1 என்ற என்சைமுக்கு. சிலருக்குப் பிறப்பிலேயே என்க்யூஓ1 வேலை செய்யாது. அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் அந்த மரபணுவின் குறைபாடுள்ள வடிவம் வந்திருக்கும்.

ஷாங்காயில் பென்சீன் நச்சுப் பாதிப்பு வந்த 50 தொழிலாளர்களையும் வராத 50 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1997-ல் வெளியானது. கல்லீரல் என்சைம் வேகமாகவும், என்க்யூஓ1 வேலை செய்யாமலும் இருந்தவர்களுக்குப் பாதிப்பு வரும் வாய்ப்பு 7.6 மடங்கு அதிகம். தியான்ஜின் ஆய்விலும் மரபணு வேறுபாடுகள் பாதிப்பின் அளவை மாற்றுவது தெரிந்தது.

விஞ்ஞானமாகப் பார்த்தால் அருமையான கண்டுபிடிப்பு. முதலாளி கையில் கிடைத்தால்?

ரத்தப் பரிசோதனை யாருக்கு எதிராகத் திரும்பும்?

'உன் மரபணு சரியில்லை, உனக்கு இந்த வேலை கிடையாது' என்று சொல்லிவிடலாம். காற்றைச் சுத்தம் செய்கிற செலவு மிச்சம். கற்பனையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பர்லிங்டன் நார்தர்ன் சான்டா ஃபே என்ற ரயில் நிறுவனம், வேலையால் மணிக்கட்டு நரம்பு பாதிக்கப்பட்டதாகச் சொன்ன ஊழியர்களின் ரத்தத்தை அவர்களுக்கே சொல்லாமல் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியது. 2001-ல் அரசின் சமவாய்ப்பு ஆணையம் வழக்குப் போட்டதும் பரிசோதனை நின்றது. அடுத்த வருஷம் 22 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. மரபணுவைக் காட்டி வேலையிலும் காப்பீட்டிலும் பாகுபாடு செய்வதற்கு எதிராக அமெரிக்காவில் 2008-ல் தனிச் சட்டமே வந்தது. வேலை தருபவர்களைக் கட்டுப்படுத்தும் அப்படி ஒரு தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

மரபணுப் பரிசோதனை செய்து ஆள் எடுத்தால் தொழிலாளிக்கும் நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். பார்ப்போம். சீனர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு அந்த என்க்யூஓ1 வேலை செய்யாது. ஐந்தில் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு ஒரு தொழிலை நடத்த முடியுமா? அதைவிடப் பெரிய விஷயம், பாதுகாப்பான மரபணு இருந்தாலும் பென்சீன் விட்டுவைப்பதில்லை, ஆபத்து கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். சிலருக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் சட்டம் அந்தச் சிலரையும் காப்பாற்றும் அளவுக்குக் காற்றின் எல்லையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையாளரின் கருத்து. பரிசோதனை மதிப்பெண் போட வேண்டியது பட்டறைக்கு, தொழிலாளிக்கு அல்ல.

எண்ணெய் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டனவா?

உடனே இல்லை. அமெரிக்க எண்ணெய் நிறுவனங்களின் நிதியில் ஷாங்காயில் தனியாக ஆய்வு நடந்தது. அங்கே வேலை செய்தவர்களிடம் ரத்த மாற்றங்கள் சுமார் 8 பிபிஎம் அளவிலிருந்துதான் தெரிகின்றன என்று 2010-ல் முடிவு வந்தது. எது சரி என்ற வாதம் நிபுணர்களிடையே நீண்டது. ஆனால் எல்லைகள் நகர்ந்த திசை தெளிவு. 2018-ல் ஐரோப்பிய ரசாயன முகமையின் நிபுணர் குழு 0.05 பிபிஎம் என்று பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் புதிய உத்தரவு போட்டு, 2024 ஏப்ரல் முதல் 0.5, 2026 ஏப்ரல் முதல் 0.2 பிபிஎம் என்று படிப்படியாக இறக்கியது. அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டமோ 1987-ல் போட்ட அதே 1 பிபிஎம்மில் நிற்கிறது.

நம்ம ஊருக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் விற்கும் பிஎஸ்-6 பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். முன்பு இருந்ததைவிட இது ரொம்பக் குறைவு, உண்மையான முன்னேற்றம். ஆனாலும் பங்க் ஊழியர், டேங்கர் லாரியிலிருந்து பெட்ரோல் இறக்குபவர், கார்புரேட்டரைப் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவும் டூவீலர் மெக்கானிக், இவர்களுக்குப் பங்குக்கு எப்போதாவது போய்வரும் நம்மைவிடப் பல மடங்கு பென்சீன் போகும். கிரீஸ் போவதற்காகப் பெட்ரோலில் கை கழுவுகிற பழக்கம் இன்னும் பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. பென்சீன் தோல் வழியாகவும் உள்ளே போகும்.

மூக்கை நம்பவும் முடியாது. 1 பிபிஎம் அளவில் பென்சீனின் வாசனை பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. பெட்ரோல் வாசனை என்று நாம் நினைப்பது அதிலுள்ள பல பொருட்களின் கலவை.

பென்சீன் குறித்த 1971-ம் ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கையை இந்தியா ஏற்றிருக்கிறது. கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கும் தாய்மார்களையும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் பென்சீன் படும் வேலையில் வைக்கக் கூடாது என்கிறது அது. ஆனால் அதில் உள்ள உச்ச அளவு 25 பிபிஎம். தியான்ஜின் ஆய்வைப் படித்த பிறகு அந்த எண்ணைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பென்சீன் நச்சுப் பாதிப்பு, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களின் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் தெரிவிக்க வேண்டுமென்றால் முதலில் யாராவது கண்டுபிடிக்க வேண்டுமே?

அப்படியென்றால் என்ன பரிசோதனை செய்யலாம்?

பென்சீன் உடம்புக்குள் போயிருக்கிறதா என்று பார்க்க, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் எடுக்கும் சிறுநீரில் எஸ்-ஃபீனைல்மெர்காப்டூரிக் அமிலத்தை அளப்பார்கள். குறைந்த அளவையும் காட்டிக்கொடுக்கும் நல்ல தடயம் இது. மியூகோனிக் அமிலம் என்று இன்னொன்றும் உண்டு. கொஞ்சம் எளிதில் அளக்கலாம், ஆனால் ஜாம், சாஸ் மாதிரியான உணவுகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சார்பிக் அமிலம் அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இரண்டுமே கூடுதலாக வரும். அதனால் பரிசோதனை எடுப்பவர் 'சிகரெட் பிடிப்பீங்களா' என்று கேட்டால் மறைக்காமல் சொல்வது நல்லது.

ரத்தத்தைப் பொறுத்தவரை, விலை உயர்ந்த மரபணு டெஸ்ட் தேவையில்லை. சாதாரண சிபிசி போதும், ஆனால் வேலையில் சேரும்போதே ஒன்று எடுத்து வைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் வருஷா வருஷம் எடுப்பதை லேபின் நார்மல் எல்லையோடு மட்டும் பார்க்காமல் அவருடைய பழைய எண்ணோடும் ஒப்பிட வேண்டும். ஒரே இடத்தில் வேலை செய்யும் எல்லோருடைய முடிவுகளையும், பெயர்களை எடுத்துவிட்டு, சேர்த்தும் பார்க்க வேண்டும். தியான்ஜினில் வெளிப்பட்டது அப்படிச் சேர்த்துப் பார்த்ததால்தான். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போனில் ஒரு போட்டோ எடுத்து, தேதியோடு ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தால்கூடப் போதும்.